பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10: வைத்துக்கொள்வதா, விற்பதா?

வேலு (ஹூஸ்டன் அருகே கேட்டி, டெக்சஸ்) கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். எதிர்வீட்டில் இருந்த பெரியவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். போன மாதம் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்து வீட்டைக் காலி செய்தார். கிளம்பும் வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, வேலையில் இருந்த காலம் முழுக்க இடுப்பில் வைத்திருந்த ரிவால்வரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மகளுக்கு இதில் விருப்பம் இல்லை, உனக்கு வேண்டுமா?" என்றார். நான் சொன்ன தொகையில் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி, .38 ஸ்பெஷல் தோட்டா, 4 அங்குல பேரல் (குழல்). தோட்டா நிரப்பும் சிலிண்டரைத் திறந்தால் உள்பக்கம் மாடல் 10-5 என்று பொறித்திருக்கிறது. கைப்பிடி அடியில் உள்ள எண் "சி" எழுத்தில் தொடங்குகிறது. மரப்பிடியில் திருகைச் சுற்றி வைர வடிவத்தில் சின்னக் கட்டம். பேரல் நுனியில் நீலப்பூச்சு தேய்ந்து உலோகம் வெள்ளையாகத் தெரிகிறது.

என்னிடம் ஏற்கனவே ஒரு கிளாக் 17 (மேகசினில் தோட்டா ஏற்றும் பிஸ்டல்) இருக்கிறது. ஆறு வருடமாக அதோடுதான் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறேன், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதை முதல் நாள் எடுத்துப் போனேன், பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டு வந்து கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர், விற்பதானால் முதலில் தன்னிடம் சொல்லச் சொல்லி நம்பரே கொடுத்துவிட்டார். ஆறு தோட்டா மட்டும் பிடிக்கும் பழைய துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது? எனக்கோ, ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) கையால் பின்னுக்கு இழுக்காமல் ட்ரிகரை மட்டும் அழுத்தும் டபுள் ஆக்‌ஷனில் சுட்டால் குண்டெல்லாம் இடது பக்கம் கீழே போகிறது.

இன்னொன்று, பாலிஷ் போட்டுப் புது நீலம் ஏற்றினால் பார்க்க நன்றாக இருக்குமே, செய்யலாமா?

ரகு (சார்லட்)

அந்த ரேஞ்ச் ஆட்களுக்கு என் கருத்து நேர் எதிர், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாதுகாப்புக்கு என்றால் கிளாக் போதும், இதை விற்றுவிடலாம். 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் வேகமாக ரிவால்வரை விட்டுப் பிஸ்டலுக்கு மாறின. அடிபட்ட கையோடு ஒவ்வொரு தோட்டாவாக நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. சேகரிப்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் பயன்பாடு என்று பார்த்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

சுந்தரம் (கொலம்பஸ், ஒஹாயோ)

தம்பி வேலு, முதல் வேண்டுகோள்: தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். 2003-இல் நான் கோல்ட் கம்பெனியின் அஃபிஷியல் போலீஸ் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். உள்ளே பழைய எண்ணெய் இறுகிப் பிசின்போல ஆகியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன், அவர்கள் பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துவிட்டார்கள். கடையில் பார்த்தபோது பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து சன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால், பேரலில் பொறித்த எழுத்துகளின் ஓரமெல்லாம் மழுங்கி, பாதி கரைந்த சோப்புக்கட்டியின் பெயர்போல நிற்கிறது. கோல்ட் கம்பெனியின் முத்திரையான, முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைக்குக் கால்களே இல்லை. அந்தக் கால்களை இனி யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. உங்கள் பேரல் நுனியில் நீலம் போனது, அந்தப் பெரியவர் வருடக்கணக்காகத் தோலுறையில் செருகிச் செருகி எடுத்ததால். அதை ஏன் அழிக்க வேண்டும்?

அடுத்தது வயது. 10-5 என்ற அடையாளம் 1962-இல் வந்தது. "சி" எண்கள் 1968 வாக்கில் முடிந்து "டி" தொடங்கியது. பிடியில் வைரக் கட்டமும் 1968-ஓடு நின்றுபோனது. ஆக, உங்களுடையது இந்த இரண்டு வருடங்களுக்கு இடைப்பட்டது. பேரல் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்குள் நுழையும் இடத்துக்கு மேலே பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள், ஊசிமுனை அளவில் ஒரு குறுக்கு ஆணி தெரியும். பேரல் திரும்பாமல் பிடிப்பதற்காக அடித்தது. 1982 வாக்கில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. பழைய ஸ்மித்தைக் கையில் எடுத்தால் நாங்கள் எல்லாம் முதலில் தேடுவது அந்த ஆணியைத்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மாடலின் வேர் 1899. மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற பெயரில் வந்தது, 1957-இல்தான் மாடல் 10 என்று எண் கொடுத்தார்கள். மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். எனவே அரிதான பொருள் என்பதால் மக்கள் தேடவில்லை. நான் நம்புவதைச் சொல்கிறேன்: இதை ஒருவர் உட்கார்ந்து கையால் பொருத்தியிருக்கிறார், அது விரலுக்குத் தெரிகிறது. சிலிண்டரின் பின்முகத்தில் நடுவில் ஆறு பற்கள் உள்ள சின்னச் சக்கரம் இருக்கும். ட்ரிகரை இழுக்கும்போது உள்ளிருந்து ஒரு நெம்பு எழும்பி அந்தப் பல்லைத் தள்ளும், சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுற்றும், அடியிலிருந்து ஒரு பூட்டு எழும்பிப் பள்ளத்தில் விழும், அதன்பிறகே ஹேமர் விழ வேண்டும். அந்த வரிசை தப்பாமல் இருக்க, பொருத்துபவர் அரத்தை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டுத் தொட்டுச் சரி செய்வார். அவர் எந்தப் பல்லில் எவ்வளவு எடுத்தார் என்பது அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் உரியது.

அதை நீங்களே சோதிக்கலாம். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். மூடிவிட்டு, பாதுகாப்பான திசையில் பிடித்து, இடது விரலால் சிலிண்டரை லேசாக உரசிக்கொண்டே ஹேமரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் கடைசியில் நிற்பதற்கு முன்னால் "டிக்" என்று பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். ஆறு அறைக்கும் இப்படிச் செய்யுங்கள். ஏதாவது ஒன்றில் ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் நழுவினால் நெம்பு தேய்ந்திருக்கிறது என்று பொருள், சுடாமல், துப்பாக்கி பழுதுபார்க்கும் நல்ல கைக்காரரிடம் காட்டுங்கள். பழைய கோல்ட்களில் இந்தக் குறை சீக்கிரம் வரும். 1955-இல் வந்த கோல்ட் பைத்தான்கூட இதற்கு விலக்கில்லை. அதன் நீலத்துக்கும் கைப்பொருத்தத்துக்கும் ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. ஆனால் அதே நுணுக்கத்தால், பழுது வந்தால் சரி செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம்.

உங்கள் குண்டு இடது கீழே போவதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை. நீங்கள் வலது கைக்காரர் என்று நினைக்கிறேன். டபுள் ஆக்‌ஷன் இழுப்பு ஏறக்குறைய 12 பவுண்டு இருக்கும். கிளாக் பழகிய விரல் அந்தக் கனத்தைப் பார்த்ததும், பாதி வழியில் நின்று, கடைசியில் "வெடுக்" என்று இழுத்துவிடும். முழு உள்ளங்கையும் சேர்ந்து இறுகும். காலித் துப்பாக்கியில் போலித் தோட்டா போட்டு, பேரல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முன்குறியின்மேல் ஒரு காசை வைத்து, அது விழாமல் இழுத்துப் பழகுங்கள். நிறுத்தாமல் ஒரே சீராக, கிணற்றில் நிறைகுடத்தை இழுப்பதுபோல. நான் மூன்று வாரம் தினமும் பத்து நிமிடம் செய்தேன். அதன்பிறகு என் பிஸ்டல் அடியும் சீரானது. ரேஞ்சில் என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு முதலில் பழைய மாடல் 10-ஐத்தான் கையில் கொடுக்கிறேன்.

கைப்பிடியின் முன்பக்கம் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஹேமரை அடிக்க வைக்கும் பட்டை ஸ்பிரிங்கை இறுக்குவது அது. இழுப்பு லேசாகட்டும் என்று சிலர் அதைத் தளர்த்திவிடுவார்கள், அப்புறம் தோட்டா வெடிக்காமல் ஏமாற்றும். முழுதாக இறுகியிருக்கிறதா பாருங்கள். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

ரகு தம்பிக்கு: நீங்கள் சொன்ன வரலாறு உண்மை. ஆனால் மயாமியில் அன்றைக்குக் கை சிதைந்த நிலையில் எழுந்து வந்து சண்டையை முடித்த எஃப்.பி.ஐ. ஏஜென்ட் எட்முண்டோ மிரெலெஸ் கடைசியாகச் சுட்டது ஒரு ரிவால்வரால்தான். நியூயார்க் போலீஸில் பழைய ஆட்கள் 2018 வரைக்கும் ரிவால்வரை விடவில்லை. பயன்பாடு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு வாங்க ஆசைப்படும் தம்பிகளுக்கும் ஒன்று: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர இங்கே துப்பாக்கி வைத்திருக்கவே சட்டம் இடம் தராது. கிரீன் கார்டு வந்த பிறகு பாருங்கள்.

குமரேசன் (கோயம்புத்தூர்)

சுந்தரம் ஐயா சொன்னதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வெப்லி அண்ட் ஸ்காட் .32 ரிவால்வர் இருக்கிறது, பர்மிங்காமில் செய்தது. தாத்தா வால்பாறை எஸ்டேட்டில் இருந்தார். அவருக்குப் பின் அப்பா பெயருக்கு லைசென்ஸ் மாறி, இப்போது என் பெயரில் இருக்கிறது. .38 நமக்குத் தடைசெய்யப்பட்ட ரகம், அதனால்தான் நம் ஊரில் லைசென்ஸ் ரிவால்வர் என்றாலே .32. கான்பூரில் அரசு தொழிற்சாலை செய்யும் .32-உம் வெப்லியின் வழியில் வந்ததுதான். அதே மாதிரி மேலே பூட்டை விடுவித்தால் பேரல் முன்பக்கமாக மடியும், காலித் தோட்டா ஆறும் ஒன்றாக எழும்பி வரும். சின்ன வயதில் அப்பா வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைக்கும்போது, மடித்துக் காட்டச் சொல்லி நச்சரிப்பேன்.

அந்தத் தோட்டாவும், .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங், 1896-இல் ரிவால்வருக்காக வந்தது. இன்றைக்கும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிகளில் உலகம் முழுக்கச் சுடுகிறார்கள். பழசு என்று ஒதுக்க முடியாது.

நான் பட்டதையும் சொல்கிறேன். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு தேர்தலில் உறையோடு கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து வாங்கிவந்து உறையிலிருந்து எடுத்தால், சிலிண்டரில் மிளகு தூவினதுபோலத் துருப்புள்ளி. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழைக்கால ஈரத்தைத் தோல் அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. இப்போதெல்லாம் எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றித்தான் கொடுக்கிறேன், உறை வீட்டில் இருக்கும். வேலு, ஹூஸ்டனும் ஈரமான ஊர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெரியவர் உறையும் கொடுத்திருந்தால் தனியாக வையுங்கள்.

வேலு

சுந்தரம் ஐயா, குமரேசன், ரகு, எல்லோருக்கும் நன்றி. ஆறு அறையிலும் "டிக்" சத்தம் ஹேமருக்கு முன்னாலேயே கேட்டது. குறுக்கு ஆணியும் இருக்கிறது. அடித்திருகு ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன். அதற்காகப் பிடியைக் கழற்றியபோது வலது பலகையின் உள்பக்கத்தில் எண் குத்தியிருந்தது, அடியில் இருக்கும் அதே எண். மரம் மாறவே இல்லை. பிடிக்குள் முழுக்க வேர்வை உப்பும் தூசியும் சேர்ந்து ஒரு கறுப்புப் படலம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டு எடுத்தேன்.

உறை கொடுத்திருந்தார், அதனுள்ளேதான் இவ்வளவு நாளும் வைத்திருந்தேன். இப்போது தனியாக எடுத்துவிட்டேன். நல்லவேளை, துரு இல்லை.

நேற்று ரேஞ்சில் 148 கிரெய்ன் வாட்கட்டர் (முனை தட்டையான குண்டு) ஒரு பெட்டி சுட்டேன், எல்லாம் டபுள் ஆக்‌ஷனில். முதல் இரண்டு சிலிண்டர் பழையபடி இடது கீழே சிதறியது. ஐந்தாவதில், ஏழு கஜத்தில், நான்கு ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன, ஆபீஸில் பேப்பர் பஞ்ச் பண்ணின மாதிரி சுத்தமான வட்டம். அந்த அட்டையைப் படமெடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் செய்து, "எந்த விரல் முட்டியில் இழுத்தாய்?" என்று கேட்டார். அரைமணி நேரம் பேசினோம். நம்பர் கொடுத்தவரிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.