டிவியை முந்தி வந்த சத்தம்: ஆபர்ன், 2013

அலபாமா மாநிலத்தில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க நான் போய் இறங்கியது 2012 ஆகஸ்டில். அந்த ஆண்டு அவர்களுடைய அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம்) அணி 12 ஆட்டத்தில் 3தான் ஜெயித்தது. சனிக்கிழமை ராத்திரி ஊரே துக்க வீடு மாதிரி இருக்கும். கோச்சை மாற்றி கஸ் மால்சானைக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் லேபில் டெக்னீஷியனாக இருந்த பெரியவர்தான் எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. இதை ஒரு டிஷ்யூ பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார். 2013 நவம்பர் 16, ஜார்ஜியா பல்கலைக்கழக அணியுடன் ஆட்டம். அவர் மகன் வரவில்லை என்று அந்த டிக்கெட்டை எனக்குத் தந்தார். 37-17 என்று முன்னால் இருந்த ஆபர்ன், கடைசியில் 38-37 என்று பின்தங்கிவிட்டது. நான்காவது முயற்சி, இன்னும் 18 கஜம் தேவை. காதில் வைத்திருந்த ரேடியோ இயர்போனைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆபர்னின் நிக் மார்ஷல் எறிந்த பந்தை ஜார்ஜியா ஆட்கள் இருவர் பிடிக்கப் போய் தட்டிவிட, அது பின்னால் ஓடிக்கொண்டிருந்த எங்கள் ரிக்கார்டோ லூயிஸ் கையில் போய் விழுந்தது. 73 கஜம், டச் டவுன்: பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோனால் ஆறு புள்ளி. பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. நான்தான் சொன்னேன்.

அடுத்த ஆட்டம் நவம்பர் 30, அதே மாநிலத்துப் போட்டியாளரான அலபாமா பல்கலைக்கழக அணியுடன். அதற்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மைதானம் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து ஒன்றரை மைல்கூட இல்லை, ஆறு பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். 28-28. நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்தால், அலபாமா கோச் நிக் சேபன் கேட்டதன் பேரில் நடுவர்கள் வீடியோ பார்த்து ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 57 கஜத்திலிருந்து அலபாமாவின் ஃபீல்ட் கோல் முயற்சி, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது.

எங்கள் டிவி சில நொடிகள் தாமதமாக வரும். திரையில் பந்தை இன்னும் உதைக்கவே இல்லை, ஜன்னல் வழியே ஒரு பெரிய சத்தம். சரி, தவறவிட்டான், ஓவர்டைம் என்று நண்பன் கையைத் தட்டினான். ஆனால் சத்தம் அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம்தான் திரையில் பந்து கம்பம்வரை எட்டாமல் இறங்கியது, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து (அப்படிப் பிடித்து ஓடலாம்) இடது ஓரமாக ஓட ஆரம்பித்தார். களத்தில் இருந்த அலபாமா ஆட்கள் பெரும்பாலும் உதைப்பவரைக் காக்க நிறுத்திய கனத்த உடம்புக்காரர்கள். விரட்டிப் பிடிக்க அவர்களால் ஆகவில்லை. டச் டவுன், 34-28.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஊர் நடுவில் இருக்கும் டூமர்ஸ் கார்னர் என்ற தெருமுனைக்கு ஓடினோம். வெற்றி பெற்றால் அங்கே இருந்த ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருளை எறிவது ஊர் வழக்கம். அந்த மரங்களுக்கு அலபாமா ரசிகர் ஒருவர் விஷம் வைத்ததால் அந்த ஏப்ரலில்தான் வெட்டியிருந்தார்கள். மரம் இல்லாத இடத்தில் கட்டியிருந்த கம்பிகள் மேல் ராத்திரி முழுக்க எறிந்தோம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "வார் ஈகிள்" என்று ஆபர்ன் கோஷத்தைச் சொல்லிக் கட்டிக்கொண்டார்கள்.

ஜனவரியில் கலிபோர்னியாவின் பசடேனாவில் தேசிய இறுதியாட்டம். 21-3 என்று முன்னால் இருந்து, 13 நொடி மிச்சம் இருக்கும்போது ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் விட்டோம், 34-31. இன்றும் வலிக்கிறது.

*

அண்ணா, உங்கள் கட்டுரையைப் படித்தேன்; அந்த நவம்பர் 30 சாயங்காலம் நான் அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில், அலபாமா பக்கம் இருந்தேன். வீட்டுக்கார அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். டேவிஸ் ஓடி முடித்ததும் அவர் டிவியை அணைத்தார். யாரும் பேசவில்லை. மிச்சமிருந்த சாப்பாட்டை எங்களுக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று உதைத்த ஆடம் கிரிஃபித் அப்போது இளம் மாணவர். அவரை நினைத்து ரொம்ப வருத்தப்பட்டேன். 2016 ஜனவரியில் கிளெம்சன் பல்கலைக்கழக அணியுடன் அலபாமாவுக்குத் தேசிய இறுதியாட்டம், ஒரு கட்டத்தில் 24-24. எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டிய பந்தை அதே கிரிஃபித் வலப்பக்கமாக மெல்லத் தூக்கி உதைத்தார், எங்கள் ஆளே அதைப் பிடித்துவிட்டார். 45-40, பட்டம். மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "அந்தப் பையன் உதைத்ததைப் பார்த்தாயா?" என்றுதான் முதலில் கேட்டார்.