‘புக்ஸ்மார்ட்’ ஓடவில்லையா, ஓட விடவில்லையா: எங்கள் குடும்பக் குழுவில்

கார்த்தி: சித்தி, நீங்கள் சொன்ன ‘புக்ஸ்மார்ட்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றித் தேடினேன். டிஸ்னியின் ‘அலாதீன்’ வந்த அன்றே, 2019 மே 24இல் வந்து அடி வாங்கியிருக்கிறதே?

சுதா சித்தி: படத்தின் செலவு 60 லட்சம் டாலர்தான் கார்த்தி. உலகம் முழுக்கச் சேர்த்து வசூல் சுமார் 2.5 கோடி.

தீபா அக்கா: ஆனால் அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 69 லட்சம்தானே சித்தி? 2,500 தியேட்டரில் போட்டுவிட்டு, ஒன்றுக்கு மூவாயிரம் டாலர்கூடத் தேறவில்லை.

மணி மாமா: கதை என்ன சுதா?

சுதா சித்தி: படிப்பே கதி என்று இருந்த இரண்டு தோழிகள் அண்ணா. பள்ளி முடியும்போதுதான் தெரிகிறது, கூத்தடித்துத் திரிந்த பிள்ளைகளுக்கும் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டது என்று. விட்டதையெல்லாம் ஒரே ராத்திரியில் பிடிக்கக் கிளம்புகிறார்கள். மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் திரைப்பட விழாவில் போட்டபோதே விமர்சகர்கள் கொண்டாடிவிட்டார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 சதவீதத்துக்கு மேல்.

மணி மாமா: விமர்சகருக்குப் பிடித்தால் ஜனங்கள் வரமாட்டார்கள். எந்த ஊரிலும் இதுதான்.

சுதா சித்தி: இல்லை அண்ணா, இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ‘லேடி பேர்ட்’டும் விமர்சகர்கள் கொண்டாடிய படம்தான். 2017இல் நாலே தியேட்டரில் தொடங்கி, நல்ல பேர் பரவப் பரவ தியேட்டரைக் கூட்டினார்கள். அமெரிக்காவில் மட்டும் 4.9 கோடி டாலர். இதற்கு அந்த அவகாசமே கொடுக்கவில்லை. பெரிய நட்சத்திரம் இல்லாத படத்தை நீண்ட விடுமுறை வாரத்தில், டிஸ்னி படத்துக்கு எதிரே, ஒரே நாளில் நாடு முழுக்க இறக்கிவிட்டார்கள். இயக்குநர் ஒலிவியா வைல்டே, பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இன்றே போங்கள் என்று ட்விட்டரில் கேட்டுக்கொள்ளும்படி ஆனது. அவருக்கு அது முதல் படம். பார்க்கவே வருத்தமாக இருந்தது.

தீபா அக்கா: அப்புறம் ஆர் சான்றிதழ். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய படம், ஆனால் 17 வயது ஆகாதவர்கள் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இந்தப் படத்துக்கு எந்தப் பிள்ளை அம்மாவோடு போகும்?

கார்த்தி: பள்ளிப் பையன்களைப் பற்றிய ‘சூப்பர்பேட்’ படமும் ஆர்தானே அக்கா? 2007இல் முதல் மூன்று நாளில் 3.3 கோடி.

தீபா அக்கா: அது ஆகஸ்ட் மாதம்டா. எதிரே ‘அலாதீன்’ மாதிரி எதுவும் இல்லை. இதையும் பெண்பிள்ளைகளின் ‘சூப்பர்பேட்’ என்றே எழுதித் தள்ளினார்கள். அதில் நடித்த ஜோனா ஹில்லின் தங்கை பீனி ஃபெல்ட்ஸ்டீன்தான் இதில் தோழிகளில் ஒருத்தியான மோலி.

சுதா சித்தி: அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தில் இரண்டு தோழிகளும் சண்டை போடும் இடத்தைப் பார். கத்திக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி இசை மட்டும் கேட்கிறது. சுற்றி நிற்பவர்கள் ஃபோனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். நகைச்சுவைப் படத்தில் இப்படி ஒரு இடம் வைக்கத் துணிச்சல் வேண்டும். 2020இல், தனித்துச் சின்னச் செலவில் எடுக்கும் படங்களுக்கான ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த முதல் படம் இதுதான்.

கார்த்தி: சரி சித்தி, சனிக்கிழமை ராத்திரி பார்க்கிறேன்.

மணி மாமா: எட்டாவது படிக்கும் நிலாவும் கூட உட்காரலாமா?

சுதா சித்தி: வேண்டாம் அண்ணா. கெட்ட வார்த்தை நிறைய, போதைக் காட்சியும் இருக்கிறது. அவளுக்கு இன்னும் நாலு வருடம் போகட்டும்.