ஆர்பிஜி மேக்கரில் தமிழ்க் கதை விளையாட்டு: எட்டு மாதத்துக்குப் பிறகு கருவியை மாற்றலாமா?

இராயபுரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லை. கடந்த எட்டு மாதங்களாக, இரவு ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும் நேரத்தில், நிரல் எழுதாமலே விளையாட்டு செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் கருவியின் எம்வி பதிப்பைக் கொண்டு ஒரு சிறிய கதை விளையாட்டை உருவாக்கி வருகிறேன். கதை காசிமேட்டில் நடக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனார் கடைசியாகப் பழுதுபார்த்துக் கொடுத்த வலை யார் கைக்குப் போயிற்று என்று, பத்து வயதுப் பெண் ஒருத்தி விடியற்கால ஏலக்கூடத்தில் தொடங்கி, ஐஸ் கம்பெனி, வலைக்கடை, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகள் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போகிறாள். இதுவரை பதினான்கு மேப் (கதை நடக்கும் இடங்களின் வரைபடம்) முடித்திருக்கிறேன்.

இந்தக் கருவியின் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. முதல் நாள் மாலையிலேயே ஒரு மீனவரைப் படகருகே நிறுத்தி, அந்தப் பெண் பக்கத்தில் போனதும் அவர் திரும்பிப் பார்த்துப் பேசும்படி செய்ய முடிந்தது. ஒருவரிடம் கேட்ட செய்தி மற்றொருவரின் பதிலை மாற்ற வேண்டுமென்றால், ஒரு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அவருடைய ஈவென்டில் (அவர் செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளைத் தொகுப்பில்) இன்னொரு பக்கம் சேர்த்தால் போதும். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஆனால் மூன்று இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலாவது, எழுத்து. முகப்புப் பட்டியலில் ‘தொடங்கு’ என்ற சொல் ஒழுங்காகத் தெரிகிறது; உரையாடல் பெட்டிக்குள் வந்தால் தமிழ் முழுவதும் உடைந்துவிடுகிறது. ‘கோயில்’ என்று எழுதினால் ‘க’ தனியே நிற்க, அடுத்து ஒரு புள்ளிவட்டமும், அதன் இடப்பக்கம் இரட்டைக்கொம்பும் வலப்பக்கம் காலும் தெரிகின்றன. இரண்டாவது, ஏலம் தொடங்கும் காட்சி முடிந்தவுடன் விளையாட்டு அப்படியே உறைந்துபோகிறது. இசை மட்டும் ஓடுகிறது. மூன்றாவது, சென்ற வாரம் புதிதாக ஒரு பிளகின் (கருவிக்குக் கூடுதல் வசதி தரும் நிரல் துண்டு) சேர்த்தேன். அதன்பின் பழைய சேவ் எதைத் திறந்தாலும் பிழைச் செய்தி வருகிறது.

எல்லாவற்றையும் கோடோ என்ற வேறொரு கருவியில் முதலிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எட்டு மாத உழைப்பை விட்டுவிட மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

நிரல்வழி, துரைப்பாக்கம்:

வணக்கம். நீங்கள் சொன்ன மூன்றில் எதுவும் கருவியை விட்டு ஓட வேண்டிய அளவுக்குப் பெரியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் சரியாகவும் உரையாடலில் உடைந்தும் தெரிகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. எம்வி-யின் உள்ளே எழுத்தை வரைவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பட்டியல்களுக்கான வழி, முழுச் சொல்லையும் ஒரே தடவையில், எம்வி விளையாட்டு ஓடும் பிரவுசரின் வரைபரப்பான கேன்வாஸிடம் ஒப்படைத்துவிடும். அங்கே பிரவுசரின் எழுத்துரு இயந்திரம் ககரத்தையும் ஓகாரக் குறியையும் சேர்த்துக் ‘கோ’ என்று அமைத்துக்கொள்கிறது. உரையாடலுக்கும் பொருள் விளக்கங்களுக்குமான வழி வேறு. நடுவே நிறம் மாற வேண்டும், படம் வர வேண்டும், எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும் என்பதால், அது யூனிகோட் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் அகலத்தை அளந்து, வரைந்து, அடுத்த இடத்துக்கு நகரும். ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் இது போதும். தமிழில் ‘கா’, ‘கோ’ போன்ற உயிர்மெய் கணினியின் கணக்கில் இரண்டு குறிகள். அவற்றைப் பிரித்து வரைந்தால், ஒட்டிக்கொள்ள மெய் இல்லாத உயிர்க்குறி புள்ளிவட்டத்தோடுதான் தோன்றும்.

திருத்தம் சிறியது. சாளர நிரலில் சாதாரண எழுத்தை வரையும் ஒரே ஒரு செயற்கூறை, ஒரு சிறு பிளகின் மூலம் மாற்றி எழுத வேண்டும்: ஓர் எழுத்தை எடுத்தபின், அடுத்து வருவது தமிழ் உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு, பிறகே அளந்து வரைய வேண்டும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் புள்ளிக்குப் பின்னரும் எழுத்து தொடர்கிறது. பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். உங்களுக்கு நானே எழுதி அனுப்புகிறேன். 2020-இல் வந்த அடுத்த பதிப்பான எம்ஸெட்டில் எழுத்துகளைச் சேர்த்து வைத்து ஒருசேர வரையும் ஏற்பாடு உண்டு என்றாலும், உரையாடல் எழுத்தெழுத்தாக நகரும்போது அங்கும் இடையில் வெட்டுப்படும் என்பதால், கருவியின் புதிய பதிப்புக்கு மாறுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. எழுத்துருக் கோப்புறையில் உள்ள இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துரு ஒன்றை அங்கே வைத்து, பக்கத்திலிருக்கும் பாணிக் கோப்பில் அதன் பெயரைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் தெரியும் தமிழ், விளையாடுபவர் கணினியில் எப்படித் தெரியும் என்பது அவர் கணினியின் கையில் இருக்கும்.

இன்னொன்று: விளையாடுபவரே பெயர் எழுதும் திரையில் தமிழ் எழுத்து அட்டவணை இல்லை. உங்கள் கதைக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்தக் கட்டளையைத் தொடாமலே விட்டுவிடுங்கள்.

ஏலக்காட்சி உறைவதற்குக் காரணம் அநேகமாக ஆட்டோரன். அந்த வகை ஈவென்ட், அதன் நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை, முடிந்த மறுகணமே மீண்டும் தொடங்கும். அது ஓடும்போது விளையாடுபவரால் நகர முடியாது. காட்சியின் கடைசிக் கட்டளையாக அந்த ஈவென்டின் சொந்த ஸ்விட்ச் ‘ஏ’-வைப் போடுங்கள். பிறகு, அதே ‘ஏ’-வை நிபந்தனையாகக் கொண்ட வெற்றுப் பக்கம் ஒன்றை இரண்டாவதாகச் சேர்த்து, அதன் தூண்டுதலைப் பொத்தான் அழுத்துதல் என்று வையுங்கள். நிபந்தனை நிறைவேறும் பக்கங்களில் எண் மிகுந்த பக்கமே செயல்படும் என்பதால், முதல் பக்கம் அதோடு ஓய்ந்துவிடும். இதைப் புரிந்துகொண்டால் ஈவென்ட் முறையின் பாதி கைக்குள் வந்துவிடும்.

சேவ் கோப்பைப் பொறுத்தவரை, அதில் பழைய நிலை அப்படியே பதிந்திருக்கும். புதிய பிளகின் எதிர்பார்க்கும் தகவல் அதில் இராது. எனவே, பிளகினைச் சேர்த்தால் எப்போதும் புது ஆட்டத்தில்தான் சோதிக்க வேண்டும். பட்டியலில் கீழே இருக்கும் பிளகின், மேலே இருப்பது செய்த மாற்றத்தை அழித்து எழுதக்கூடும் என்பதால் வரிசையும் முக்கியம். பிறர் எழுதிய பிளகின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் இந்தக் கருவியில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. ஒவ்வொரு வாரமும் திட்டக் கோப்புறை முழுவதையும் தேதியிட்டுப் பிரதி எடுத்து வையுங்கள்.

ஓவியத்திண்ணை, மயிலாப்பூர்:

இராயபுரத்தான் அவர்களே, உங்கள் கேள்வியில் படங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. பதினான்கு மேப்பும் கருவியோடு வரும் படங்களால் ஆனவை என்றால், காசிமேடு என்று பெயர்ப்பலகை வைத்த ஓர் ஐரோப்பியக் கிராமத்தில்தான் உங்கள் சிறுமி நடந்துகொண்டிருப்பாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். 1992-இல் ஜப்பானில் பிசி-98 கணினிக்காக முதல் பதிப்பு வந்த காலந்தொட்டு இந்த வரிசைக்கு வாளும் அரண்மனையும்தான் தாய்வீடு. உள்ளேயிருக்கும் உருவ ஆக்கியைத் திறந்தால் கவசமும் மேலங்கியுமே முதலில் கண்ணில் படும்.

ஆனால் படங்களை மாற்றுவதற்கு இந்தக் கருவி தரும் வசதி உண்மையிலேயே நல்லது. எம்வி-யில் ஒரு டைல், அதாவது மேப்பை அடுக்கும் சதுரத் துண்டு, 48-க்கு 48 புள்ளிகள். நடக்கும் உருவத்துக்கு நான்கு திசை, திசைக்கு மூன்று நிலை, ஆகப் பன்னிரண்டு சிறு படங்கள் வரைந்தால் ஆள் நடந்துவிடுவார். கூடை சுமக்கும் மீன்காரம்மா ஒருவரை வரைந்தபோது, சேலைக் கொசுவம் இரண்டு நிலைகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு புள்ளி நகர்ந்தால் போதும், நடை தானாகத் தெரியும் என்பதைக் கண்டுகொள்ள எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. கூடையை மட்டும் அசையாமல் விட்டேன். தலைச்சுமைக்காரர்களின் நடையில் உண்மையிலேயே கழுத்துக்கு மேல் ஆட்டம் இருப்பதில்லை.

நாட்டு ஓட்டுக் கூரைக்கு, கட்டடங்களுக்கான ஏ3 என்ற டைல் தொகுதி பொருத்தமாக இருக்கும். இரண்டுக்கு இரண்டு டைல் அளவில் ஒருமுறை வரைந்தால், வீட்டை எவ்வளவு அகலமாக இழுத்தாலும் விளிம்பும் மூலையும் தாமே அமைந்துகொள்ளும். திண்ணைதான் என்னைப் படாத பாடு படுத்தியது. தரையைவிடச் சற்றே உயர்ந்து, ஆள் உட்காரவும் தூணுக்குப் பின்னால் மறையவும் வேண்டிய ஒன்றை, எது எதற்கு மேலே என்பதைப் பெரும்பாலும் கருவியே முடிவுசெய்யும் எம்வி-யில் அமைப்பது எளிதில்லை. எம்ஸெட்டில் நான்கு அடுக்குகளில் எதில் வைப்பது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். பதிப்பை மாற்ற வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து அதற்கான வலுவான காரணம் இதுதான்.

கோடோவுக்குப் போவதற்குமுன் இதையும் யோசியுங்கள்: கருவியோடு வந்த படங்களை அந்த வரிசைக்கு வெளியே பயன்படுத்த உரிமம் இடம் தருகிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். நீங்களே வரைந்தவை மட்டும்தான் தடையில்லாமல் உங்களோடு வரும்.

மெய்ப்புப் பார்ப்பவர், பெரம்பூர்:

தம்பி, நான் நிரலர் இல்லை. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து ஓய்வு பெற்றவள். என் பேரனுடைய விளையாட்டுக்குத் தமிழ் பார்த்துக் கொடுத்தபோது பட்டதைச் சொல்கிறேன்.

தரவுத்தளத்தில் சொற்களுக்கான பகுதி ஒன்று இருக்கிறது. போரில் யாருக்கு எவ்வளவு அடி விழுந்தது என்பது போன்ற செய்திகளை அங்கே நம் விருப்பப்படி எழுதலாம். பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி இருக்கும். விளையாட்டு ஓடும்போது பெயரை அந்த இடத்தில் அப்படியே வைத்துவிடும். அதற்குப் பின்னால் ‘க்கு’ என்று போட்டால் கண்ணன்க்கு, மாலாக்கு என்று வரும். நம் மொழியில் கண்ணனுக்கு, மாலாவுக்கு, நண்டுக்கு என்று ஒவ்வொரு பெயரும் உருபை ஒவ்வொரு விதமாக ஏற்கிறது. வினைமுற்றும் அப்படியே: தோன்றினான், தோன்றினாள், தோன்றியது ஆகிய மூன்றில் எதை எழுதி வைப்பது? பேரன் எல்லாவற்றுக்கும் ‘தோன்றியது’ என்று வைத்திருந்தான். கதையில் வரும் பாட்டியும் தோன்றியது.

நான் செய்தது, பெயரை எழுவாயாக மட்டும் நிறுத்தி, உருபும் வினைமுற்றும் தேவைப்படாதபடி எல்லா வாக்கியங்களையும் மாற்றியது. ‘கண்ணன்: வலிமை 12 குறைவு’, ‘எதிரே மாலா!’ என்பவை போல எழுதினால் எந்தப் பெயருக்கும் பொருந்தும். சற்று அறிவிப்புப் பலகைத் தமிழாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பிழையில்லாமல் இருக்கிறது, படிக்கிற குழந்தைக்குத் தவறான தமிழ் பழகாது.

உரையாடல் பெட்டிக்கு நான்கு வரிதான். வரியைத் தானாக மடக்கும் வசதி இயல்பில் இல்லை. பேசுபவர் முகத்தையும் வைத்தால் அகலம் இன்னும் குறையும். நம் சொற்களோ நீளமானவை; ‘விசாரித்துக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல்லே அரை வரியைப் பிடித்துக்கொள்ளும். எனவே உங்கள் மீனவர்கள் பேசும்போது சுருக்கமாகப் பேசட்டும். ஏலக்கூடத்தில் யாரும் நீட்டி முழக்கிப் பேசுவதுமில்லை.

கட்டற்றவன், வேளச்சேரி:

கோடோவில் எட்டு ஆண்டுப் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தமிழ் எழுத்து விஷயத்தில் அது மேலானது என்பதில் ஐயமில்லை. 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பு முதல், எழுத்துகளைச் சேர்த்தமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் அதனுள்ளேயே இருப்பதால், தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தாலே போதும்; எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்தாலும் உடையாது. எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் வருவதால் காசும் கிடையாது.

இருந்தாலும் நான் உங்களை அங்கே அழைக்கத் தயங்குகிறேன். ஆர்பிஜி மேக்கரைத் திறந்த நொடியில் கிடைக்கும் உரையாடல் பெட்டி, பொருட்பை, சேவ் திரை, கதவைத் தாண்டி அடுத்த மேப்புக்குப் போவது, பாத்திரங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் நடப்பது ஆகிய எதுவும் கோடோவில் தயாராக இராது. ஒவ்வொன்றையும் நாமே கட்ட வேண்டும், அல்லது பிறர் கட்டியதைத் தேடி எடுத்துப் பொருத்த வேண்டும். நிரல் எழுதுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கு அது கொண்டாட்டம்; கதை சொல்ல வந்தவருக்கு ஓராண்டு தாமதம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கதையில் போர் எதற்கு? சிறுமி யாரோடும் சண்டை போடுவதாக நீங்கள் எழுதவில்லையே. கருவி போர்முறையைக் கொடுத்துவிட்டது என்பதற்காகவே அதை வைத்திருக்கும் விளையாட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 2011-இல் வெளிவந்த ‘டு தி மூன்’ என்ற விளையாட்டு இதே வரிசையின் எக்ஸ்பி பதிப்பில் செய்யப்பட்டது. போரை நம்பாமல், நடப்பதையும் பேசுவதையும் கண்டெடுப்பதையும் மட்டுமே கொண்டு உலகெங்கும் ஆட்களைச் சேர்த்தது. போரை எடுத்துவிட்டால், பெரம்பூர் அம்மா சொன்ன தொல்லையில் பாதி தானே போய்விடும்.

இராயபுரத்தான் எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. துரைப்பாக்கம் நண்பர் அனுப்பிய சிறு பிளகினைச் சேர்த்து, எழுத்துருவையும் மாற்றி, புது ஆட்டம் தொடங்கிப் பார்த்தேன். ஏலக்காரர் ‘கொடுவா கூடை எண்ணூறு, கேட்கிறவர் கேளுங்கள்’ என்று சொல்லும் வரி, ஓர் எழுத்தும் உடையாமல் நிதானமாக நகர்ந்து வந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்தப் பெட்டிக்குள் தமிழை முழுசாகப் பார்த்தேன். ஏலக்காட்சிக்கு இரண்டாவது பக்கம் சேர்த்ததும் உறைவதும் நின்றுவிட்டது. பிரச்சினை தந்த பிளகின் போர்த்திரையை அழகுபடுத்துவதற்கு வாங்கியது. அதையும் போரையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். மூன்று இடங்களில் கடற்கொள்ளையரோடு மோதல் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அவர்கள் கதைக்குள் எப்படி வந்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அந்த மூன்று இடங்களையும் வலைக்கடைக்காரரோடு நடக்கும் பேரமாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எம்வி-யிலேயே தொடர்வதாக முடிவு செய்திருக்கிறேன். ஓவியத்திண்ணை அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஏலக்கூடத்துச் சிமெண்ட் தரையில் ஐஸ் உருகி எப்போதும் ஈரம் தேங்கியிருக்கும். அதை ஏ1 தொகுதியில் அசையும் நீராக வரைவதா, ஏ2-வில் தரையாக வரைவதா?

ஓவியத்திண்ணை, மயிலாப்பூர்:

ஏ2-வில் தரையாகவே வரையுங்கள். ஈரம் பரவிய பகுதியின் விளிம்பு ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். நடுவில் விளக்கின் வெளிச்சத்துக்கு மங்கிய மஞ்சளில் இரண்டு மூன்று புள்ளிகள் போதும். ஏ1-ஐப் படகுகள் நிற்கும் நீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குள்ளும் தண்ணீர் அசைந்தால், கடல் உள்ளே வந்துவிட்டது போலத் தெரியும்.