ஆன்டிபயோட்டிக் சாப்பிட்டு அம்மாவுக்கு வயிறு சரியில்ல, வீட்டுத் தயிர் போதுமா?

சிப்புட்_மக:
வணக்கம். அம்மாவுக்கு 68 வயசு, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கு. கால் புண்ணுக்கு கிளினிக்ல 7 நாள் ஆன்டிபயோட்டிக் குடுத்தாங்க, நாலாவது நாள்லேர்ந்து வயித்தால போகுது, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. பார்மசில புரோபயோட்டிக், அதான் வயித்துக்கு நல்ல கிருமி இருக்குற கேப்சூல், ஒரு டப்பா 80 வெள்ளிக்கு மேல சொல்றாங்க. அம்மாவோ "எஸ்டேட்ல பெரட்டுக்கு, வேலைக்குப் பேரு குடுக்கப் போற காலத்துல பழஞ்சோறு குடிச்ச உடம்பு, அதெல்லாம் வேணாம்"ங்கிறாங்க. வீட்ல தயிர் ஒறைய வைக்கிறோம், தோச மாவும் இருக்கு, அதுலயே நல்ல பாக்டீரியா இருக்குல்ல?

மாவுக்காரன்:
மாவுல இருக்கு தங்கச்சி, இட்லில இல்ல. நான் மாவு அரைச்சு கடைகளுக்குப் போடுறவன். விடியக்காலைல மூடிய தொறந்தா ஓரமா குமிழி குமிழியா வெடிச்சு புளிப்பு வாசன மூக்குல ஏறும், அது லூக்கோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா ராத்திரி பூரா வாயு விட்ட வேல. ஆவில வெந்ததும் அது செத்துடும். இட்லி லேசா செரிக்கும், அது உண்மதான், ஆனா உயிரோட எதுவும் வயித்துக்குள்ள போகாது. புளிக்க வச்ச சோயா டெம்பே பொரிச்சாலும் மோர்க்குழம்பு கொதிச்சாலும் இதே கததான். காய்ச்சாத மோர், தயிர், இதுலதான் உயிரோட இருக்கும்.

வார்டு_அக்கா:
மா, நான் 22 வருசமா நர்ஸ். தயிர் சாப்பிடலாம், நல்லதுதான், ஆனா வீட்டு ஒறைல எந்த வகை எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஆன்டிபயோட்டிக் பேதிக்கு பலன் பாத்தது குறிப்பிட்ட சில வகைக்குத்தான், அதுவும் மருந்து ஆரம்பிக்கும்போதே சேத்து எடுத்தா பேதி வராம தடுக்கத்தான் அதிகமா உதவுது. அதுல ஒண்ணு பாக்டீரியாவே இல்ல, ஈஸ்ட்டு. 1920கள்ல ஹென்றி பூலார்ங்கிற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவுல மங்குஸ்தீன், லிச்சிப் பழத்துலேர்ந்து பிரிச்செடுத்தது, மங்குஸ்தீன் நம்ம ஊர்ப் பழம்! ஆன்டிபயோட்டிக் பாக்டீரியாவத்தான் கொல்லும், ஈஸ்ட்ட ஒண்ணும் பண்ணாது. பாக்டீரியா கேப்சூல்னா ரெண்டு மணி நேரம் இடைவெளி விடணும். குட்டி போத்தல்ல விக்கிற புளிச்ச பால்ல சீனி இருக்கு, அம்மாவுக்கு வேணாம். ஆனா இப்ப கேப்சூல விட முக்கியம், நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மெட்ஃபார்மின் சாப்பிடுறாங்கன்னா அதயும் சொல்லுங்க, அதுவும் வயித்த கலக்கும். காய்ச்சல், ரத்தம், தலசுத்தல் எது இருந்தாலும் காலைவரைக்கும் காத்திருக்காதீங்க. மருந்த நீங்களா நிறுத்தாதீங்க.

பழைய_லயத்துக்காரன்:
பழஞ்சோறுன்னா எனக்கு மங்குல வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு குடிச்ச நெனப்பு வருது. ஒரு ராத்திரி ஊறுனதுதான், நம்ம வெயிலுக்கு அதுக்கு மேல வெளிய வச்சா கெட்ட கிருமி பெருகிடும். அம்மா வயிறு சரியாகுற வரைக்கும் அது வேணாம் மா.

சிப்புட்_மக:
கூட்டிட்டுப் போனேன். டாக்டர் மலத்த டெஸ்டுக்கு அனுப்பிட்டு மருந்த மாத்திக் குடுத்தாரு, உப்புக் கரைசல் குடிக்கச் சொன்னாரு, மோர் தாராளமா குடுக்கலாம்னாரு. இன்னிக்கு ரெண்டு தடவதான் போச்சு. ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும்.