கார்த்திகை சீசனில் விடியற்காலைச் சுடுதண்ணீருக்கு எது சரி? விறகா, கேஸா, ஹீட் பம்பா?

கடற்கரை லாட்ஜ்:
கன்னியாகுமரியில் 15 ரூம் லாட்ஜ் நடத்துகிறோம். அப்பா காலத்திலிருந்து விறகு பாய்லர்தான், குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் விறகு வரும். கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிமார் வர ஆரம்பித்தால் ரூம் எல்லாம் நிறைந்துவிடும், சூரிய உதயம் பார்க்கப் போகிற அவசரத்தில் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் மொத்தப் பேரும் குளிப்பார்கள். 1000 லிட்டராவது வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை, நனைந்த விறகு ஒரே புகை, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இழுப்பு வந்துவிடுகிறது. மனசு கேட்கவில்லை. சோலார் வைக்கட்டுமா?

தக்கலைக்காரன்:
எங்கள் வீட்டில் சோலார்தான் அண்ணாச்சி, வெயில் காலத்தில் குறையே இல்லை. ஆனால் உங்கள் சீசன் அப்படியே வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. வானம் மூட்டம் போட்டால் உள்ளே இருக்கும் கரண்ட் ஹீட்டர்தான் ஓடும், அப்புறம் எதற்கு அது?

நாகர்கோவில் ஏசி மெக்கானிக்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற சாதாரண கீசர் என்றால் 31 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். ஹீட் பம்ப் ஏசி மாதிரியேதான், வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், அதனால் 10, 11 யூனிட்டில் முடிந்துவிடும். நம் ஊரில் மார்கழி ராத்திரியிலும் காற்று அவ்வளவு குளிராது, அது இதற்கு நல்லதுதான். கேஸ் பாய்லர் என்றால் ஒரு நாளைக்கு 3 கிலோ, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஆறு நாள் வரும். ஒன்று மட்டும், ஹீட் பம்ப் மெதுவாகத்தான் சூடாக்கும், ராத்திரி 12 மணிக்கே ஓடவிட்டு, சூடு தாங்கும் டேங்கில் சேர்த்து வைக்க வேண்டும்.

குளச்சல் பெண்:
எதை வைத்தாலும் சரி, செலவு குறைவு என்று ரூம் ரூமாக பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டிவிடாதீர்கள். ஜன்னலை அடைத்துக்கொண்டு குளித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும், வாசனையே இருக்காது, மயங்கி விழுந்தால் கதவை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வருகிறவர்கள் நம்மை நம்பித் தங்குகிறவர்கள்.

கடற்கரை லாட்ஜ்:
சத்தியமாக மாட்ட மாட்டேன்ம்மா. மெக்கானிக் தம்பி, உப்புக்காற்றில் எங்கள் ஏசி அவுட்டோரே இரண்டு வருஷத்தில் அரித்துப்போனது, ஹீட் பம்ப் மட்டும் தாங்குமா?

நாகர்கோவில் ஏசி மெக்கானிக்:
அதுவும் அரிக்கும், அதை மறைக்கக் கூடாது. அரிக்காமலிருக்க கோட்டிங் போட்ட ஃபின் (காற்று படுகிற மெல்லிய தகடுகள்) கேட்டு வாங்குங்கள், கடலைப் பார்க்காத பக்கம் வையுங்கள், ஆனால் சுவரோடு ஒட்டாமல் காற்று போக இடம் விடுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள். உள்ளேயும் அந்தத் தண்ணீரால் சுண்ணாம்பு படியும், வருஷம் ஒரு தடவை எடுத்துவிட வேண்டும். பழைய பாய்லரை உடனே விற்றுவிடாதீர்கள், கரண்ட் போகிற நாளுக்கு இருக்கட்டும், விறகை மட்டும் புரட்டாசிக்கு முன்னாலேயே வாங்கிக் கூரைக்கு அடியில் காயப்போடுங்கள்.

கடற்கரை லாட்ஜ்:
மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இடம் இருக்கிறது. நாளைக்கே அளந்து போட்டோ போடுகிறேன்.