பேசிக் எவ்வளவு என்று கேட்காதீர்கள்: மாலத்தீவு ரிசார்ட் வேலை அனுபவங்கள் (புனைபெயரில் நால்வர் எழுதியவை)

கரையோரம்:

மாலத்தீவு ரிசார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று அடிக்கடி யாராவது எனக்கு எழுதுகிறார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் அடிப்படைச் சம்பளம் பற்றித்தான்: "பேசிக் எவ்வளவு அண்ணா?" அதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. நானும் அதைத்தான் கேட்டுவிட்டுப் போனேன், அதனால் சொல்கிறேன்.

2017-இல் வெயிட்டராகச் சேர்ந்தேன். ஒப்பந்தத்தில் பேசிக் 280 டாலர். தங்குமிடம், சாப்பாடு, வருடத்துக்கு ஒரு முறை விமான டிக்கெட் அவர்கள் பொறுப்பு. 280 டாலருக்காகக் கடல் தாண்ட வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் விருந்தினர் பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏறும், அது ஊழியர்களுக்குப் பிரிந்து வரும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். பொய் இல்லை. முதல் ஜனவரியில் என் பங்கு மட்டும் 700 டாலரைத் தாண்டியது. அந்த மாதம் நான் பெரிய ஆள்.

அதே வருடம் ஜூனில் வந்தது 190. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மே முதல் அக்டோபர் வரை கூட்டம் குறையும், அறை வாடகையையும் குறைத்துவிடுவார்கள். நம் வேலை மட்டும் குறையாது. பாதிப் பேரை அப்போதுதான் லீவில் அனுப்புவார்கள் என்பதால் இருப்பவர்களுக்கு இரட்டை டியூட்டி.

மாதா மாதம் ஸ்டாஃப் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அந்த மாதத்து சர்வீஸ் சார்ஜ், தலைக்கு எவ்வளவு என்ற ஒரே ஒரு எண். சாப்பாட்டுத் தட்டோடு அதன் முன்னால் கூட்டம் நிற்கும். ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த வங்கதேசத்துப் பையன் ஒருவன், தமிழும் இந்தியும் கலந்து பேசுவான். ஒரு ஜூலையில் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "பாய், வீட்ல கேட்டா என்ன சொல்றது? நான் ஒழுங்கா வேலை செய்யலன்னு நினைப்பாங்க." என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். நல்ல மாதங்களின் வரவை வைத்துக் கணக்குப் போட்டு வீட்டுக்கடன் வாங்கினேன். 2020 மார்ச் 27 அன்று கொரோனாவால் சுற்றுலாப் பயணிகள் வருவதை நாடே நிறுத்தியது. விருந்தினர் இல்லை என்றால் பில் இல்லை, பில் இல்லை என்றால் சர்வீஸ் சார்ஜ் இல்லை. கையில் மிஞ்சியது பேசிக், அதிலும் பாதி. லீவு சம்பளம், நிறுத்திவைத்த காலத்துச் சம்பளம் எல்லாவற்றுக்கும் கணக்கு அந்த 280-தான் என்பது அன்றுதான் உறைத்தது. ஜூன் 7 அன்று இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலில் சுமார் எழுநூறு பேரோடு தூத்துக்குடியில் வந்து இறங்கினேன். கப்பலில் பக்கத்தில் படுத்திருந்தவரும் நானும் இரண்டு ராத்திரி பேசியது முழுக்க இஎம்ஐ பற்றித்தான்.

அந்த வருடமே மாலத்தீவில் வேலைவாய்ப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். சுற்றுலாத் துறையில் குறைந்தது பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வசூலிக்க வேண்டும், அதில் 99 சதவீதத்தை ஊழியர்களுக்குச் சமமாகப் பிரித்துத் தர வேண்டும். நல்ல சட்டம். அதற்கு முன் ரிசார்ட்டுக்கு ஒரு நியாயம். ஆனால் மழைக்காலத்தைச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வில்லா எத்தனை, ஊழியர் எத்தனை? நூறு வில்லாவுக்கு இருநூற்றைம்பது பேர் என்றால் ஒரு பங்கு, ஐநூறு பேர் என்றால் அதில் பாதி. போன ஜூனில் தலைக்கு எவ்வளவு வந்தது? ஜனவரியை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

முன்மேசை:

சமமாகப் பிரிப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் ஃபிரன்ட் ஆபீஸில் ஆறு வருடம் இருந்தேன். சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்றார்கள். பேசிக்கில் 80 டாலர் கூடும், சர்வீஸ் சார்ஜ் பங்கு அதேதான். அந்த எண்பதுக்கு, சீப்ளேனை (கடலில் இறங்கும் விமானம்) தவறவிட்ட விருந்தினரிடம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திட்டு வாங்க வேண்டும். வேண்டாம் என்றேன். தோட்டக்காரருக்கும் எனக்கும் ஒரே பங்கு வருவதில் எனக்கு வருத்தமில்லை, அவர் என்னைவிட அதிகம் உழைத்தார். ஆனால் மேலே ஏற வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது.

அதன் விலை, நான் ஊருக்குத் திரும்பி வந்தபோது தெரிந்தது. ஒரு நகரத்து ஹோட்டலில் இன்டர்வியூ. சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தவர் பேசிக் 320 என்ற வரியில் விரலை வைத்தார். "இதற்கு மேல் பத்து சதவீதம் போட்டுத் தருகிறோம்." மீதி வரிகளை அவர் படிக்கவே இல்லை. பதவியும் அதே ரிசப்ஷனிஸ்ட்.

ஜெட்டி:

நீங்கள் எல்லோரும் ரிசார்ட் மட்டுமே இருக்கும் தீவில் வேலை செய்தவர்கள். நான் மக்கள் குடியிருக்கும் ஒரு தீவில் ஒன்பது அறை கெஸ்ட் ஹவுஸில் இருந்தேன். படகிலிருந்து பெட்டி தூக்குவது, ரூம் கிளீனிங், செக்-இன், காலை டிபன், எல்லாம் ஒரே ஆள். சம்பளம் அந்நாட்டுப் பணமான ரூஃபியாவில், சர்வீஸ் சார்ஜ் பேச்சே இல்லை. 2022 முதல் குறைந்தபட்ச ஊதியம் வந்தது, அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு. நமக்கு இல்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு அந்தத் தீவுப் பெண் ஒருவர் வேலை செய்தார். ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ, ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். ரிசார்ட் வேலை என்றால் வேறு தீவில், ஊழியர் குடியிருப்பில் தங்க வேண்டும். வீட்டில் சம்மதிக்கவில்லை. "நான் படித்த வேலை கண்ணெதிரே அந்தத் தீவில் இருக்கிறது, ராத்திரி அதன் விளக்கு தெரியும்" என்பார். டிப்ளமோவை வைத்துக்கொண்டு என்னோடு போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

பேக்கரி ஷிஃப்ட்:

எல்லோரும் ஒரேயடியாகப் புலம்புகிறீர்களே! நான் வீடு கட்டியது அந்த சர்வீஸ் சார்ஜில்தான். முதல் மாதமே மனைவியிடம் சொல்லிவிட்டேன், பேசிக் மட்டும்தான் வீட்டுச் செலவுக்கு, மீதி வந்தால் செங்கல் வாங்குவோம், வராவிட்டால் வேலை நிற்கும். மூன்று மழைக்காலம் சுவர் பாதியில் நின்றது. அக்கம்பக்கத்தில் என்னவெல்லாமோ பேசினார்கள், பேசட்டும். ஆனால் கரையோரம் சொன்ன கடன் தப்பை நான் செய்யாததற்குப் புத்திசாலித்தனம் காரணமில்லை. எனக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை.

கரையோரம்:

பேக்கரி அண்ணா, அது உங்கள் அதிர்ஷ்டம். திரும்பிப் போனீர்களா என்று தனியாகச் சிலர் கேட்டார்கள். போனேன், 2021 கடைசியில். வேறு தீவு. பேசிக் 310. இந்த முறை இன்டர்வியூவில் ஜூன் மாதத்துத் தொகையைக் கேட்டேன். எச்ஆர் அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஏற்கெனவே இங்கே வேலை செய்தவரா?" என்றார். 240 என்று சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருந்தார், அடுத்த ஜூனில் 236 வந்தது.