டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல இழுவ செத்துப்போன கதை இருந்தா சொல்லுங்க

மண்டபத்து மருமகன், திருநகர்

நமக்கு ஊரு மதுர, கட்டுன எடம் மண்டபம். மச்சான் ஃபைபர் படகு வச்சிருக்கான், பின்னாடி தொங்குறது பழைய ரெண்டு சிலிண்டர் அவுட்போர்டு. பாதி த்ராட்டில் வரைக்கும் ஒழுங்கா போகும், அதுக்கு மேல முறுக்குனா சத்தம் மட்டும் மாறுமே தவிர படகு அணியம் (முன்பக்கம்) தூக்கவே தூக்காது. கரைக்கு வந்து மெக்கானிக்க கூப்ட்டா எஞ்சின் கிண்ணுன்னு ஓடும். அந்தாளும் கார்பரேட்டர கழட்டி ஊதி மாட்டிட்டு காச வாங்கிட்டு போயிருவாரு, மறுநா தண்ணிக்குள்ள போயி கொஞ்ச நேரத்துல திரும்ப அதே நொண்டி.

அன்னைக்கு நானும் படகுல இருக்கேன், கச்சான் காத்து வேற அடிக்குது, பாம்பன் பாலம் தெரியுது ஆனா கிட்ட வரவே மாட்டேங்குது. மச்சான் கவர கழட்டுனான், ஒரு காஞ்ச துணிய சுத்திக்கிட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே மேல் சிலிண்டர் பிளக் ஒயர புடுங்குனான், எஞ்சின் பட்டுன்னு நின்னுருச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணி கீழ் சிலிண்டர் ஒயர புடுங்குறான், சத்தத்துல ஒரு மாத்தமும் இல்லண்ணே! அது மாட்டியிருந்தாலும் ஒன்னுதான் மாட்டாட்டியும் ஒன்னுதான். அம்புட்டு நாளும் ஒத்த சிலிண்டர்லதான் ஓடிருக்கு. கரைக்கு வந்து, பிளக்குக்கு கரண்டு குடுக்குற இக்னிஷன் காயில மேல கீழ மாத்தி மாட்டிட்டு போனா, சூடானதும் இப்ப மேல் சிலிண்டர் சாகுது. காயில்தான். குளுந்து இருக்கையில ஸ்பார்க் குடுக்கும், சூடேறுனா படுத்துரும். கரையில வச்சு பாத்தா எப்படி தெரியும்?

புது காயில் போட்டாச்சு, முக்காவாசி சரியாயிருச்சு. ஆனா இப்பவும் ஃபுல் த்ராட்டில்ல ரொம்ப நேரம் போனா லேசா விழுகுது. அதான் இங்க எழுதுறேன்.

செல்லூர் லேத்து

மருமகனே, ஓடுற எஞ்சின்ல பிளக் ஒயர புடுங்குற வேலைய மொதல்ல விடச் சொல்லுங்க உங்க மச்சான. ஒயரு அந்தரத்துல தொங்குனா கரண்டு போக வழியில்லாம காயிலயும், ஸ்பார்க் நேரத்த பாத்துக்குற சிடிஐ பெட்டியையும் அடிச்சிரும். ஒயர கழட்டி எஞ்சின் பாடியில எர்த் பண்ணிட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணி பாக்கணும், பதிலு அதேதான் வரும். நம்ம பட்டறைக்கு தொண்டியில இருந்து ஒருத்தர் கிராங்க, அதான் பிஸ்டன் சுத்துற தண்ட, சாக்குல சுத்தி பஸ்ல தூக்கிட்டு வந்தாரு, பேரிங் போச்சு மாத்துங்கன்னு. பேரிங் ஜம்முனு இருக்கு. விசாரிச்சா எஞ்சின் கத்துதாம், படகு நகரலயாம். புரொப்பல்லருக்கு உள்ள இருக்க ரப்பர் புஷ் வழுக்கிருக்கு, அம்புட்டுதான். அதுக்கு எஞ்சின மொத்தமா பிரிச்சுப் போட்ருக்காய்ங்க, அந்தாளு பட்டறை வாசல்ல உக்காந்து கிராங்கயே பாத்துக்கிட்டு இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால மொத கேள்வி, முறுக்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) ஏறியும் படகு வேகம் ஏறலயா, இல்ல ஆர்பிஎம்மே ஏறலயா? ஏறுதுன்னா புரொப்பல்லர பாருங்க. ஏறலன்னா எஞ்சின், அதுலயும் உங்களது ரொம்ப நேரம் போனாத்தான் விழுகுதுன்னா பெட்ரோல் வர்ற வழின்னுதான் எனக்கு படுது. டேங்க் மூடியில காத்து திருகு தொறந்திருக்கா? மூடியிருந்தா கொஞ்ச தூரம் ஓடும், அப்பறம் டேங்க்குள்ள வாக்குவம் புடிச்சு நின்னுரும். இழுவ விழுகுற அந்த நேரத்துலயே ஹோஸ்ல இருக்க ரப்பர் பல்ப கையால அமுக்கச் சொல்லுங்க. அமுக்குனதும் எஞ்சின் எந்திரிச்சா பெட்ரோல் பம்புக்குள்ள இருக்க ரப்பர் தகடு, டயாஃப்ரம், கிழிஞ்சிருக்கும், இல்ல ஹோஸ்ல காத்து வாங்கும். கூலிங் தண்ணி பீச்சுற ஓட்டை ஒழுங்கா பீச்சுதா, தண்ணி இழுக்குற இம்பெல்லர் இறக்கை மடிஞ்சிருந்தா எஞ்சின் சூடேறி இழுவ போகும். கம்ப்ரஷன் கேஜ் போட்டு ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுதான்னு பாக்கணும், ஒன்னு பத்து பதினஞ்சு சதவீதத்துக்கு மேல கொறஞ்சா ரிங்கு, இல்ல ஹெட் கேஸ்கட். அப்பறம் பெட்ரோல்ல ஓட்றீங்களா மண்ணெண்ணெயிலயான்னு சொல்லவே இல்லயே, மண்ணெண்ணெய்னா கார்பன் சீக்கிரம் புடிக்கும், நிறுத்துறதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தி கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தணும்.

உசிலம்பட்டி பூக்காரர் மகன்

படகு நமக்கு தெரியாது, ஆனா டூ ஸ்ட்ரோக்னா டூ ஸ்ட்ரோக்தான. அப்பா டிவிஎஸ் 50ல மல்லி மூட்ட கட்டி மாட்டுத்தாவணிக்கு போவாரு. ஒரு கட்டத்துல காலி வண்டியே திணற ஆரம்பிச்சிருச்சு. மெக்கானிக்கு ரிங்கு மாத்துனாரு, அப்பறம் பிஸ்டனு, ஒன்னும் வேலைக்காகல. லேட்டா போனா பூ வெல எறங்கிரும், அது எவனுக்கு புரியுது.

செக்கானூரணியில ஒரு வயசானவரு வண்டிய ஸ்டார்ட் கூட பண்ணல, சைலன்சர் பின்னாடி கைய வச்சுப் பாத்துட்டு கழட்டச் சொன்னாரு. வரட்டிய மூட்டி மேல போட்டாரு. பைப்பு வாயில இருந்து நீலமும் மஞ்சளுமா தீ கெளம்புது பாருங்க, அரை ஆளு ஒசரம்! ஆறுனதும் தட்டுனா கருப்பு கருப்பா கட்டி கட்டியா கொட்டுது. பெறகு அதே வண்டி மூட்டையோட பறந்துச்சு. அப்பா பெட்ரோல்ல ஆயில் கூட ஊத்துனா எஞ்சின் நெறய நாள் வரும்னு ஒரு கை சேத்தே ஊத்துவாரு, அதான் காரணம்னு பெரியவரு சொன்னாரு. ஆயில கொறைங்கப்பா எல்லாரும்.

ஆர்எக்ஸ் 100 புதூர்

தம்பி, "ஆயில கொறைங்க"ன்னு பொத்தாம் பொதுவா சொல்லாதீங்க, எவனாச்சும் கேட்டு கொறச்சு பிஸ்டன் ஜாம் ஆகி ரோட்ல கெடப்பான். கம்பெனி சொன்ன அளவு, அம்புட்டுதான். சைலன்சர தீயில போடுறதும் குரோம்ல நீலம் பாய்ஞ்சு போயிரும், காஸ்டிக் சோடா தண்ணியில ஊறப்போட்டா போதும். கையுறை போட்டுக்கங்க, தோல உரிச்சிரும்.

என்னுது வேற. பழமுதிர்சோலை ஏத்தத்துல மூச்சு வாங்குச்சு, சரி மேல போயி பாப்போம்னு நிறுத்தி ஆக்சிலேட்டர்ல இருந்து கைய எடுக்குறேன், எஞ்சின் எறங்கவே மாட்டேங்குது, விய்ய்ய்னு கத்திக்கிட்டே நிக்குது. பக்கத்துல இருந்த குரங்கெல்லாம் மரத்துல ஏறிருச்சு. மேக்னட் பக்கம் கிராங்க் ஆயில் சீல் வழியா காத்து வாங்கிருக்கு, கலவையில பெட்ரோல் கொறஞ்சு லீனாயி எஞ்சின் சூடாயி இழுவ போயிருக்கு. கிளட்ச் பக்கம் சீல் போனா கியர் ஆயில உறிஞ்சி வெள்ளையா பொகையும், இதுல பொகையே இல்ல, அதனாலதான் யாருக்கும் தோணல.

உசிலம்பட்டி பூக்காரர் மகன்

அண்ணே டிவிஎஸ் 50 வச்சு மூட்ட ஏத்துறவன் குரோம் கலர பாத்துக்கிட்டா இருப்பான்? 😄

மண்டபத்து மருமகன், திருநகர்

செல்லூர் அண்ணே, மச்சானுக்கு போன் போட்டேன். பெட்ரோல்தான், காத்து திருகும் தொறந்துதான் இருக்காம், தண்ணியும் நல்லா பீச்சுதாம். நீங்க சொன்ன மாதிரி விழுகும்போது பல்ப அமுக்க போயிருக்கான், அது அமுக்கவே வேண்டியதில்லயாம், ஏற்கனவே சப்பிப் போயி ஒட்டிக்கிட்டு கெடந்துச்சாம்.

செல்லூர் லேத்து

அப்ப பம்ப தொடாதீங்க. பம்ப் இழுக்குது, அதான் பல்பு சப்புது. அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவுலதான். டேங்க்குள்ள எறங்குற பைப்பு நுனியில சின்ன வலை ஒன்னு இருக்கும், அத கழட்டி பாக்கச் சொல்லுங்க. சுத்தமா இருந்தா ஹோஸ மாத்துங்க, பழைய ஹோஸ் உள்ளுக்குள்ள உரிஞ்சு வழிய மறிக்கும், வெளிய பாத்தா தெரியாது.